சிவப்புத் தெரியாத பிலிம்

"இதுக்குச் சிவப்புத் தெரியாது, அங்கிள்" என்று பிலிம் விற்றவர் சிங்களத்தில் சொன்னது என் காதில் விழவில்லை என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. விழுந்தது. தெளிவாகவே விழுந்தது. விழுந்தவுடன், கடை வாசலில் அன்னாசி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். கறுப்பு வெள்ளை பிலிமுக்கு எந்த நிறம்தான் தெரியும்? பச்சை தெரியுமா, மஞ்சள் தெரியுமா? மலிவாகப் பிலிமும் தந்து மேலதிகமாக ஒரு பகிடியும் தருகிற வியாபாரியைப் புறக்கோட்டையில் இனிக் காண முடியாது என்று நினைத்து, "மல்லி, நீ நல்ல ஆள்" என்று சிங்களத்தில் தம்பி உறவு கொண்டாடி, தோளில் தட்டிவிட்டு வந்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். அறுபதை நெருங்குகிற ஒருவர் தோளில் தட்டிச் சிரிக்கும்போது ஒரு வியாபாரி வேறென்ன செய்வார்?

அந்தப் பிலிம் ஏன் மலிவு என்றால், அது ஆட்களைப் படம் எடுக்கவென்று பிறந்ததே அல்ல. ஒரு காலத்தில் சினிமாப் படங்களுக்கு ஒலியைப் பதியப் பயன்பட்ட பெரிய சுருள். யாருக்கும் தேவையில்லாமல் எங்கோ குளிரூட்டியில் கிடந்ததைத் துண்டு துண்டாக வெட்டி, சின்ன டப்பாக்களில் அடைத்து, மேலே ஒரு ஒட்டுத்தாள் ஒட்டி விற்கிறார்கள். நல்ல பிலிம் வாங்குகிற விலைக்கு வெள்ளவத்தை மீன் சந்தையில் முழுப் பாரை மீன் ஒன்று வாங்கலாம் என்று என் மனைவி கணக்குச் சொல்லியிருந்தாள். எனக்கு வந்த வருத்தங்களிலேயே இந்தக் கமரா வருத்தம்தான் செலவு குறைந்தது என்பதும் அவளுடைய கருத்துத்தான். அந்த நல்ல பெயரைக் காப்பாற்றத்தான் மலிவுப் பிலிம்.

இரண்டு நாளில் நண்பனிடமிருந்து அழைப்பு வந்தது. நானும் அவனும் ஒரே கப்பல் முகவர் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் தலை நரைத்தவர்கள். அவன் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒட்டிக்கொண்டவன். அவனுடைய குடும்ப வீடு விற்றாகிவிட்டது. அதை உடைத்து மாடிக் குடியிருப்புக் கட்டப் போகிறார்கள்.

"மச்சான், திங்கக்கிழம உடைக்க வாறானுங்க. அக்காவுக்கு அதுக்கு முந்தி ஒரு படம் வேணுமாம்."

"உங்கட பெரியண்ணர் மெல்பேர்னில இருந்து வந்திருக்கிறார் எல்லே? அவற்ற போனில எடுக்கட்டுமே."

"அவரு எடுக்கிறாரு, எடுக்கிறாரு, கக்கூஸ் கதவக்கூட விடாம எடுத்துட்டாரு. அக்காவுக்குப் போன் படம் வேணாமாம். கையில பிடிக்கிற படம் வேணுமாம். நீதான் ஏதோ பழைய கமராவக் கழுத்துல மாட்டிக்கிட்டு அலையிறியே."

அக்கா போன் படத்தை நம்பாததற்கு ஒரு காரணம் இருந்தது. அவர்களுடைய அம்மா கமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிவிடுவார். அடையாள அட்டையில் இருக்கும் ஒரே படத்தில்கூட, படம் எடுத்தவரை அடிக்கப் போகிறவர் மாதிரித்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கலியாணம் கட்டாமல் அம்மாவோடு கடைசிவரை அந்த வீட்டில் இருந்தது அக்காதான். ஒரு நாள் பின்னேரம், அம்மா ஹோலில் திருவிருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருக்கையில், பின்னால் நின்று அவருக்குத் தெரியாமல் போனில் ஒரு படம் எடுத்துவிட்டார். முகம் தெரியாத படம். ஆனாலும் அம்மா, அந்த வீட்டுக்குள், அம்மாவாகவே இருந்த படம். அம்மா போய்க் கொஞ்சக் காலத்தில் அந்தப் போன் உடுப்புத் தோய்க்கிற வாளிக்குள் விழுந்து செத்தது. படமும் அதோடு போயிற்று. கடை கடையாகக் கொண்டு திரிந்தும் ஒருவராலும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

அழைப்பு முடியுமுன் அக்காவே போனைத் தம்பியின் கையிலிருந்து வாங்கினார்.

"தம்பி, நாங்க நாலு பேரும் ஹோல்ல நிக்கிற மாதிரி ஒண்டு. அம்மா இருந்தப்ப வீடு எப்பிடி இருந்திச்சோ, அப்பிடி வரணும். செய்வீங்களா?"

"அதுக்கென்ன அக்கா" என்றேன், அம்மாவையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வருபவன் மாதிரி.

"என்னா உடுத்துறது நாங்க? கறுப்பு வெள்ளைக்கு எந்தக் கலர் நல்லம்?"

அந்தக் கேள்விக்கு "எதெண்டாலும் சரி" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு இடமே இல்லை. ஆனால் ஒரு பெண்மணி என்னிடம் நிபுணத்துவ ஆலோசனை கேட்டது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. எங்கேயோ வாசித்தது மாதிரி இருந்தது, வாசித்திருக்காவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

"சிவப்பு உடுத்துங்கோ அக்கா. கறுப்பு வெள்ளையில சிவப்புக்கு ஒரு தனி அழகு."

சனிக்கிழமை காலை வேளைக்கே புறக்கோட்டையில் பஸ்ஸால் இறங்கி, ஜிந்துப்பிட்டி வழியாக நடந்தேன். வெள்ளவத்தைத் தமிழருக்குக் கொட்டாஞ்சேனை என்பது கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் மட்டும் விசா கிடைக்கிற வேறு நாடு. நானும் முப்பது வருடமாக அந்தத் தெருக்களால் பஸ்ஸில் தூங்கித் தூங்கிப் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னுடைய பிலிம் மந்தமானது. வெளிச்சம் நிறையக் கேட்கும். ஒவ்வொரு படத்துக்கும் கமராவை முக்காலியில் பொருத்தி, மூச்சை அடக்கி, முகில் விலகும்வரை நிற்க வேண்டும். ஒரு தெருவில் ஒருவனை அசையாமல் நிற்க வைத்தால் தெரு மெல்ல மெல்ல அவன்மேல் ஏறிவிடுகிறது.

கீழே பூட்டுச்சாமான் கடை. அதற்கு மேலே, மரத்தை ஊசி வேலை மாதிரிச் செதுக்கிய ஒரு பல்கனி. எந்தக் காலத்து ஆசாரி, எந்தப் பணக்காரனுக்குச் செய்தானோ. அந்தப் பல்கனிக்கு மேலே தகரம், தகரத்துக்கு மேலே டிஷ் அன்ரெனா, அதற்குப் பின்னால் வானத்தையே மறைத்துக்கொண்டு கண்ணாடிக் கோபுரமாய் ஒரு புதிய மாடிக் கட்டடம். நாலு காலங்கள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நின்று என்னைப் பார்த்தன. இவ்வளவும் இங்கேதான் இருந்ததா என்று வாயைத் திறந்துகொண்டு நின்றேன். மேலேயிருந்து ஒரு குரல் வந்து அதை மூடியது.

"என்னா அண்ணே, எங்க வீட்டையும் உடைக்கப் போறீங்களா?"

பல்கனியில் ஒரு பெண்மணி, இடுப்பில் கையை வைத்தபடி. அந்தப் பக்கத்தில் கட்டடங்களைப் படம் எடுக்கிறவன் என்றால் அளக்க வந்தவன். அளக்க வந்தவன் என்றால் பின்னால் இயந்திரம் வருகிறது என்று அர்த்தம்.

"இல்லை தங்கச்சி, சும்மா படம் எடுக்கிறன்."

"சும்மாவா? இதையா?"

"வடிவா இருக்குது. அதுதான்."

அவர் சந்தேகத்தோடு குனிந்து தன்னுடைய பல்கனியையே பார்த்தார். மரச் செதுக்கலில் விரலை ஓடவிட்டார்.

"நல்லாத்தான் இருக்குல்ல" என்றார், பக்கத்து வீட்டுக்காரியின் பிள்ளையைப் பற்றி ஒப்புக்கொள்கிறவர் மாதிரி. உடனே சுதாரித்து, "கொஞ்சம் நில்லுங்க அண்ணே, பாவாடை காயுது, எடுத்துர்றேன்" என்று கொடியைக் காலியாக்கிவிட்டு, தானும் மறைந்துபோனார்.

கோயில் மதிலின் சிவப்பு வெள்ளைப் பட்டைகளை எடுத்தேன். மூலையில் நின்ற சிவப்புத் தபால் பெட்டியை எடுத்தேன். சந்தியில் சிக்கி நின்ற அரசாங்கச் சிவப்பு பஸ்ஸை எடுத்தேன். செத்தல் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் பேப்பர் வாசித்த முதலாளியை எடுத்தேன். இப்போது யோசித்தால், அன்று காலை முழுக்க நான் சிவப்பைத்தான் தேடித் தேடி எடுத்திருக்கிறேன். விதி என்று ஒன்று இருந்தால் அது நல்ல பகிடிக்காரன்.

நண்பனின் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அவர்கள் நான்கு பேரும் நின்ற கோலம் மே தின ஊர்வலத்துக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி இருந்தது. அக்கா சிவப்புக் காஞ்சிபுரம். நீர்கொழும்பில் கட்டிக்கொடுத்த சின்னத் தங்கச்சி சிவப்புக் கவுன். நண்பன் எங்கேயோ இரவல் வாங்கிய சிவப்புச் சேட்டில், வயிற்றில் ஒரு பொத்தானுக்கு விடுமுறை கொடுத்திருந்தான். பெரியண்ணர் நெஞ்சில் பெரிய வெள்ளைக் கங்காரு போட்ட சிவப்பு ரீசேட்.

ஹோலில் தளபாடம் ஒன்றும் இல்லை. மேசை, கட்டில், அலுமாரி எல்லாம் முதல் நாளே போய்விட்டன. சுவரில் திருவிருதய ஆண்டவர் படம் மட்டும். அதன் கீழ் இரவு பகலாக எரிகிற சின்னச் சிவப்பு பல்ப். அதைக் கடைசியாகத்தான் கழற்றுவேன் என்று அக்கா சொல்லிவிட்டாராம். கீழே, பழைய கொழும்பு வீடுகளுக்கே உரிய சிவப்புச் சீமெந்துத் தரை. சிவப்புப் பொலிஷ் பூசி, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையில் ஒரு காலை வைத்து, நடனம் ஆடுகிறது மாதிரித் தேய்த்துத் தேய்த்து மினுக்கிய தரை. கடைசிச் சனிக்கிழமைக்கும் அக்கா தேய்த்திருந்தார். திங்கட்கிழமை உடைபடப் போகிற தரையில் என் முகம் தெரிந்தது.

"ஆடக்கூடாது. கண் இமைக்கக்கூடாது. நான் சொல்லும்வரை மூச்சு விடக்கூடாது" என்றேன்.

"இது என்னடா எக்ஸ்ரேயா?" என்றார் பெரியண்ணர்.

"வாய மூடுங்க அண்ணா, பல்லு விழுந்துரும்" என்றாள் சின்னத் தங்கச்சி. பல்செட் புதிது.

"நீ உன்ட வயத்த உள்ள இழு மொதல்ல."

"அது என்ட வயிறு இல்ல, இவன்ட" என்று நண்பனைக் காட்டினாள்.

அக்கா அதட்டினார். "சும்மா நில்லுங்களேன்! அம்மா பாத்துக்கிட்டு இருக்கிற மாதிரி நில்லுங்க."

நான்கு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகி நிமிர்ந்து நின்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் நால்வருக்கும் ஆளுக்கு ஐம்பது வயது குறைந்ததைக் கண்ணாடித் துளைக்குள்ளால் பார்த்தேன். விதம் விதமாகக் கொஞ்சம் எடுத்தேன். பிறகு எல்லோரும் குசினிக்குள் ரோல்ஸும் பற்றீஸும் சாப்பிடப் போனார்கள்.

சுருளில் கடைசியாக ஒரு படத்துக்கு இடம் இருந்தது. வாங்கிய பிலிமில் ஒரு கட்டத்தையும் வீணாக்கக் கூடாது என்பது என்னைப் போன்ற சிக்கனக்காரர்களின் வேதவாக்கு. ரோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. மாடிப் படியில் பாதி ஏறி, கமராவைக் கீழ்நோக்கித் திருப்பி, வாசல் வெளிச்சம் படுத்துக் கிடந்த வெறுந்தரையை எடுத்துச் சுருளை முடித்தேன். கலை நோக்கம் எதுவும் இருக்கவில்லை. பசி இருந்தது.

அன்று பின்னேரமே குளியலறையில் பிலிமைக் கழுவினேன். கடையில் விற்கிற மருந்துக்குப் பதில் இன்ஸ்டன்ட் கோப்பி, சலவைச் சோடா, விற்றமின் சி மூன்றையும் கலந்தாலும் பிலிம் கழுவுப்படும், மலிவு. மணம் மட்டும் மாட்டுக்கொட்டில் மணம்.

"இந்த வீட்டில மனுசருக்குக் குடிக்கக் கோப்பி இல்லை. பிலிம் குளிக்க இருக்குது" என்று மனைவி கதவுக்கு வெளியே நின்று சொன்னாள்.

சுருளை வெளிச்சத்தில் பிடித்தேன். நெகட்டிவில் குடும்பத்தைக் காணவில்லை. அவர்கள் நின்ற இடத்தில் கண்ணாடிபோல வெறும் பிலிம். போனில் படம் பிடித்து நிறத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தேன். இப்போது வந்தார்கள். நான்கு கரிக்குவியல்கள். சிவப்பு உடுப்பெல்லாம் கறுப்பு. சிவப்புத் தரையும் கறுப்பு. வெயிலில் திரிந்த எங்கள் மாநிறத் தோலும் கறுப்பு. அந்த இருட்டுக்குள் நாலு சோடிக் கண், அக்காவின் நரைமுடி, பெரியண்ணரின் பல்செட். ஒரு குறையும் இல்லாமல், தத்ரூபமாக, உயிரோடு பாய்கிற மாதிரி வந்திருந்தது கங்காரு மட்டும்தான்.

"அவன் சொன்னவன்தானே" என்றாள் மனைவி. "இதுக்குச் சிவப்புத் தெரியாதெண்டு. சிரிச்சுப்போட்டு வந்தனான் எண்டு நீங்கள்தானே பெருமையாச் சொன்னீங்கள்."

ஓம், அதுதான் விசயம். சாதாரணக் கறுப்பு வெள்ளை பிலிம் எல்லா நிறத்தையும் வெளிச்சமாக எடுத்துக்கொள்ளும். இந்தப் பிலிமின் கண்ணுக்குச் சிவப்பு என்பது இருட்டு. பகிடியே இல்லை, அந்த வியாபாரி எனக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கேட்டுச் சிரித்தது போதாதென்று, நாலு பேரைச் சிவப்பு உடுத்தச் சொல்லி, சிவப்புத் தரையில் நிறுத்தி வேறு எடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை இயந்திரம் வருகிறது. தளபாடமும் இல்லை, நல்ல பிலிமும் இல்லை. அந்த வீட்டிலிருந்து அக்கா கேட்டது இந்த ஒன்றைத்தான்.

தண்டனை மாதிரி மீதிப் படங்களையும் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்கக் கதிரையில் மெல்ல உட்கார்ந்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனை வேறு ஊராக வந்திருந்தது. வானம் முழுக்க வெள்ளை. கோயில் மதில் கன்னங்கரிய பட்டையும் பால் பட்டையுமாக அதிர்ந்தது. தபால் பெட்டி சந்தியில் நின்ற ஒரு கரிய காவலாளி. பஸ் ஒரு நிலக்கரி வண்டி. பழைய கொழும்பைக் காட்டும் நூறு வருடத்துப் படங்களில் பார்த்த அதே வெள்ளை வானம், அதே கரிய உதடுகள். அந்தக் காலத்தில் பிலிமுக்குப் பதிலாக இருந்த கண்ணாடித் தட்டுகளுக்கும் சிவப்புத் தெரியாதாம். பிறகு வாசித்து அறிந்தேன். என் மலிவுப் பிலிம் அந்தக் கண்ணால்தான் பார்த்திருந்தது. அந்தப் பெண்மணியின் பல்கனி, உள்ளே எண்ணெய் விளக்கு எரிகிற காலத்தில் நின்றது. டிஷ் அன்ரெனாதான் நூறு வருடம் பிந்தி வந்த விருந்தாளி மாதிரி நெளிந்துகொண்டிருந்தது.

கடைசிப் படம், வெறுந்தரை. நான் அதைக் கொஞ்ச நேரம் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, அன்று முதல் தடவையாகப் பகிடி இல்லாமல் கேட்டாள்.

"இது என்னப்பா, ஆறா?"

இரவு நேரத்தில் விமானத்திலிருந்து பார்த்த ஆறுகள் மாதிரித்தான் இருந்தது. மை இருட்டான தரை. அதன் நடுவில் வெளிறிய அகன்ற ஓடை ஒன்று வாசலிலிருந்து புறப்பட்டு வளைந்து போகிறது. அதிலிருந்து கிளைகள். ஒன்று படிக்கட்டுக்கு. ஒன்று மெல்லியதாக யன்னலுக்கு. பொலிஷும் சிவப்பும் ஒரு வாழ்க்கை முழுக்க ஆட்கள் நடந்து நடந்து தேய்ந்த இடங்களில், கீழே கிடந்த சீமெந்தின் சாம்பல் நிறம் இலேசாக மேலே வந்திருக்கிறது. கண்ணுக்கு அது பிடிபடவில்லை; எல்லாம் ஒரே சிவப்பாய் மினுங்கியது. சிவப்பையே அறியாத பிலிமுக்கு அந்தச் சாம்பல் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அலுமாரி, கட்டில் நின்ற இடங்களோ ஒருவரும் மிதிக்காத கரிய சதுரங்களாக, ஆற்றுக்கு நடுவில் தீவுகள் மாதிரிக் கிடந்தன. நான் எடுத்த படம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அப்போது ரோல்ஸை நினைத்துக்கொண்டிருந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காலி வீதியில் திறந்திருந்த ஒரு ஸ்டூடியோவில் குடும்பப் படம், தரைப் படம் இரண்டையும் பெரிதாக அச்சிட்டேன். "எந்தப் பக்கம் மேல், அங்கிள்?" என்று அங்கிருந்த பிள்ளை தரைப் படத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். "வயித்து ஸ்கானா?"

நான் கொட்டாஞ்சேனை போய்ச் சேர்ந்தபோது, நால்வரும் பூசை முடிந்து வந்து வெறும் ஹோலில் நின்றார்கள். குடும்பப் படத்தை அக்காவிடம் நீட்டினேன். மற்ற மூவரும் அவர் தோளைச் சுற்றி எட்டிப் பார்த்தார்கள்.

"மச்சான்" என்றான் நண்பன் நிதானமாக, "நாங்க எங்க?"

"என்ட பல்லு நல்லா வந்திருக்கு" என்றார் பெரியண்ணர்.

"அடுப்புக்குள்ள இருந்து எழும்பி வந்த மாதிரி இருக்கோம். ஐயோ மாதாவே, இத மாமியார் வீட்டுல காட்ட ஏலுமா?" என்றாள் சின்னத் தங்கச்சி.

பிலிமின் கதையைச் சொன்னேன். நான் சிரித்ததையும் சேர்த்தே சொன்னேன். மூன்று பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"பல்ப் எரியல்லயா தம்பி நேத்து?"

"எரிஞ்சது அக்கா. சிவப்பு பல்ப் எல்லே. இதுக்குத் தெரியேல்லை."

"அம்மா ஒரு நாளும் அத அணைக்க விட்டதில்ல" என்றார். படத்தை முகம் கீழாகத் திருப்பி யன்னல் விளிம்பில் வைத்தார். "பரவால்ல தம்பி. நீங்க என்னா செய்வீங்க."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் "பரவால்ல" என்னை நிற்க விடவில்லை. வேறு வழியில்லாமல், தரைப் படத்தை மன்னிப்புக் கடிதம் மாதிரி நீட்டினேன். "இது சும்மா எடுத்தது அக்கா. வீட்டுத் தரை. சிவப்புத் தெரியாதபடியால் இப்படி வந்திட்டுது."

அவர் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"இது வாசக்கதவு" என்றார் பெரியண்ணர் மெதுவாக. விரல் ஓடையில் நடந்தது. "இப்பிடி வந்து... இது குசினி."

"குசினிக்குப் போற ரோட்டுத்தான் பெரிசு. நாலு லேன். அது உங்கட ரோடு அண்ணா, நீங்க ஒராளாப் போட்டது" என்றாள் சின்னத் தங்கச்சி.

"போடி. யன்னலுக்கு ஒண்டு போகுதே, அது யாருட? முன் வீட்டுப் பொடியனப் பாக்க நீ நிண்ட இடம்தானே?"

"அது அப்பாவ எதிர்பாத்து நிண்டது!"

"ஓ, அப்பா முன் வீட்டுல இருந்து தான் வருவாரு."

படியேறுகிற இடத்தில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்ததைக் கண்டு நண்பன் தன் காலைப் பார்த்தான். சின்ன வயதில் உடைந்த கால். மாதக்கணக்கில் ஒரே பக்கமாகத்தான் தெத்தி ஏறினானாம். பெரியண்ணர் சிரிக்கப் போய், சிரிக்காமல் அவன் முதுகைத் தடவினார்.

அக்காவின் விரல் மட்டும் எங்கேயும் போகாமல் ஓரிடத்தில் நின்றது. திருவிருதய ஆண்டவர் படத்துக்கு நேர்கீழே, கரும் தரையில், பக்கத்துப் பக்கமாக இரண்டு சின்ன வெள்ளை முட்டை வடிவங்கள். முதல் நாள் நான் அவற்றைப் பார்த்துப் பூச்சாடி வைத்த அடையாளம் என்று முடிவு செய்திருந்தேன். என் முடிவுகளின் தரம் இதற்குள் வாசகருக்குத் தெரிந்திருக்கும்.

"அம்மாட முழங்கால்" என்றார் அக்கா.

படத்தைக் கையில் பிடித்தபடியே அந்த இடத்துக்குப் போனார். காஞ்சிபுரம் இல்லை இன்று. பூசைக்குக் கட்டிய வெள்ளைச் சேலை. குனிந்து, வாசல் வெயில் சரிந்து விழுகிற கோணத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தார். நாங்களும் தலையைச் சாய்த்தோம். இருந்தது. படம் சொல்லாமல் விட்டிருந்தால் ஒரு நாளும் கண்டிருக்க மாட்டோம். மினுக்கத்துக்குள் இரண்டு மங்கல். அக்கா படத்தைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் அவற்றின்மேல் பொத்தி வைத்தார்.

"நான்தானே இத ஒவ்வொரு சனிக்கிழமையும் தேய்ச்சேன்" என்றார். "பொலிஷ் இந்த இடத்துல மட்டும் நிக்காது. மட்டமான பொலிஷ் எண்டு கடைக்காரனோட சண்ட போட்டிருக்கிறேன். அம்மா பக்கத்துல நிண்டு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஒரு சொல்லுச் சொல்லல்ல."

சின்னத் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, இரண்டும்தான்.

"தரைய வெட்டி எடுக்க ஏலாதா?" என்றார் பெரியண்ணர். "நாளைக்கு வாறவன்ட்ட சொல்லி, அந்தத் துண்ட மட்டும்..."

"என்னாத்துக்கு?" அக்கா படத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "இதுல இருக்காங்கதானே."

பிறகு அவர் அம்மாவின் இடத்தில் முழங்காலில் இருக்கப் பார்த்தார். பொருந்தவில்லை. அம்மா சின்ன ஆள். அக்காவின் முழங்கால்களுக்கு அந்த அடையாளங்கள் நெருக்கம். ஒரு பக்கம் தள்ளி, அவை இரண்டும் தெரியும்படி விட்டு, பக்கத்தில் இருந்துகொண்டார். சின்னத் தங்கச்சி அவருக்குப் பின்னால். நண்பன், வயிற்றைப் பற்றிக் கவலைப்படாமல், அவளுக்குப் பக்கத்தில். முழங்கால் ஒப்பரேசன் செய்த பெரியண்ணர் படிக்கட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றினார். சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. யாரும் தீர்மானித்ததாகத் தெரியவில்லை; அந்த ஹோலில் கடைசிச் செபமாலை தொடங்கப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்குத்தான் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. நான் திருநீற்றுக்காரன், செபமாலையில் எந்த இடத்தில் வாய் திறப்பது என்றுகூட அறியாதவன். கமராப் பையை அணைத்துக்கொண்டு, ஹோலின் நடுவில், முடிந்தளவு பக்தியான முகத்தோடு நின்றேன்.

அக்கா சிலுவை அடையாளம் போடக் கையை உயர்த்தியவர், நெற்றியில் விரல் படுமுன் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். என் முகத்தை அல்ல, என் காலை.

"தம்பி," என்றார், படத்தை ஒருதரம் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, "குறை நினைக்காதீங்க. நீங்க அம்மாட பாதையில நிக்கிறீங்க."

காயாத சீமெந்தில் கால் வைத்தவன் மாதிரித் துள்ளி விலகினேன். அலுமாரி நின்ற இடத்தில், ஒருவரும் ஒரு நாளும் நடந்திராத சிவப்பில், இரண்டு காலையும் ஒடுக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா தலையாட்டிவிட்டுத் தொடங்கினார்.